வைரம் எவ்வளவு ஏறியிருக்கு? மரத்தின் வெட்டுமுகத்தைப் படிப்போம்

போன தை மாசம் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒரு சேதியோட வந்தார். 14 வருஷத்துக்கு முன்னாடி வரப்போரமா அவர் நட்ட தேக்கு 180 மரம் நிக்குது. ஒரு வியாபாரி வந்து சுத்திப் பார்த்துட்டு, மரத்துக்கு இவ்வளவுன்னு இல்லாம மொத்தமா ஒரு விலை சொல்லி, முன்பணத்தையும் எடுத்து நீட்டியிருக்கார்.

"ஏனுங்க மாமா, குடுத்துறலாங்களா? பாதிக்குப் பாதி வைரம் ஏறிருச்சு, இனி நின்னாலும் பெருசா ஏறாதுங்கறார். தண்ணி கட்டி வளர்த்த தேக்கு காட்டுத் தேக்கு மாதிரி கெட்டியா வராது, அதனால விலையும் இவ்வளவுதான்கறார்."

"அவசரப்படாதீங்க. நெருக்கமா நிக்கற மரத்துல ஒண்ணை மட்டும் எடுங்க. அறுத்த முகத்தைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றேன். (தேக்கை வெட்டவும் ஏற்றவும் விதிகள் உண்டு. வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செய்யுங்க.) அன்னைக்கு அந்த வெட்டுமுகத்தில் நாங்க பார்த்ததும், அதைப் புரிஞ்சுக்க நான் படிச்சதும்தான் இந்தக் கட்டுரை. தேக்கை வைத்துச் சொல்கிறேன். வேம்புக்கும் வாகைக்கும் மலைவேம்புக்கும் அடிப்படை ஒன்றுதான்.

பார்ப்பதற்கு என்ன வேணும்?

பெரிய நுண்ணோக்கி வேண்டாம். 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் போதும். நான் வங்கியில் இருந்தபோது நகைக் கடனுக்கு வரும் நகையை மதிப்பீட்டாளர் கண்ணோடு ஒட்டி ஒரு சின்ன லென்ஸில் பார்ப்பார். அதே லென்ஸ்தான். அவரிடம் கத்துக்கிட்ட ஒரு விஷயமும் இங்கே உதவும்: பொருளை லென்ஸுக்குப் பக்கத்தில் கொண்டுவரணும், லென்ஸைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைக்கணும். நிறைய பேர் லென்ஸைக் கையை நீட்டிப் பிடித்து, "ஒண்ணும் தெரியலீங்களே" என்பார்கள்.

ரம்பம் அறுத்த முகத்தில் எதுவும் தெரியாது. நார் எல்லாம் பிய்ந்து துளைகளை மூடியிருக்கும். புது பிளேடாலோ, நல்லா தீட்டிய கத்தியாலோ அந்த முகத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மெல்லிசாச் சீவணும். ஒரே இழுப்பில், அழுத்தாமல். பிறகு தண்ணீர் தொட்டுத் தடவணும். உலர்ந்த முகத்தைவிட ஈர முகத்தில் பத்து மடங்கு தெளிவாத் தெரியும். அடிமரத்தின் குறுக்குவெட்டு முகத்தைத்தான் பார்க்கணும். பலகையின் நீளவாட்டு முகத்தில் தெரியும் ரேகைகள் அழகாக இருக்கும், ஆனால் பாடம் படிக்க உதவாது.

எது வன்கட்டை?

பள்ளிக்கூடப் புத்தகத்தில் வன்கட்டை, மென்கட்டை என்று இரண்டு வகை சொல்வார்கள். பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. இலவமரமும் முருங்கையும்கூட வன்கட்டை வகைதான். நகத்தால் கீறினால் பள்ளம் விழும், இருந்தாலும் வன்கட்டை. கட்டைக்குள்ளே தண்ணீர் ஏறுவதற்கென்று தனிக்குழாய்கள் இருந்தால் வன்கட்டை, அந்தக் குழாய்கள் இல்லாத ஊசியிலை மரங்கள் மென்கட்டை, அவ்வளவுதான். ஊட்டிப் பக்கம் நிற்கும் பைன் மரம் மென்கட்டை. சவுக்கு இலை ஊசி மாதிரி இருந்தாலும் அது வன்கட்டை. சவுக்குக் கட்டையைச் சீவி லென்ஸில் பார்த்தால் துளைகள் தெரியும்.

பனையும் தென்னையும் இதில் சேராது. அவை தனிச் சாதி. தொல்காப்பியத்தின் மரபியலில் இதைப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். வெளிப்பக்கம் காழ், அதாவது வைரம், உள்ளது புல். உள்பக்கம் காழ் உள்ளது மரம். பனையை அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெளியே இரும்பு மாதிரி, நடுவில் வெறும் சோறு. தேக்கில் நேர் எதிர். பனைக்கு வருஷா வருஷம் புதுக்கட்டை வைத்துப் பருக்க வைக்கும் கேம்பியம் என்ற உயிர் அடுக்கு கிடையாது. அதனால்தான் பனை உயரமாகுமே தவிர, தேக்கு மாதிரி பருத்துக்கொண்டே போகாது. இன்றைக்குத் தாவரவியலும் பனையையும் மூங்கிலையும் புல்லையும் ஒருவித்திலை என்ற ஒரே பெரும்பிரிவில்தான் வைக்கிறது.

கேம்பியம் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே காகிதம் மாதிரி மெல்லிசா இருக்கும். வெளிப்பக்கம் பட்டைக்கான திசுவையும், உள்பக்கம் கட்டையையும் வைத்துக்கொண்டே போகும். பழைய கட்டை இருந்த இடத்திலேயே இருக்கும். மரத்தில் 5 அடி உயரத்தில் அடித்த ஆணி 20 வருஷம் கழித்தும் 5 அடியிலேயே இருக்கும், புதுக்கட்டை அதை மூடியிருக்கும். வேலிக் கம்பியை மரத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டினால், பருக்கும் மரத்தின் பட்டையை அது அறுத்து, இலையில் செய்த சாப்பாடு வேருக்கு இறங்கும் வழியை அடைத்துவிடும். நம்ம பக்கம் வரப்புத் தேக்கில் இதைப் பார்க்காத தோட்டம் இல்லை.

தண்ணீர்க் குழாய்கள்

சீவிய முகத்தில் முதலில் கண்ணில் படுவது ஊசி குத்திய மாதிரி துளைகள். ஒவ்வொன்றும் ஒரு குழாயின் வாய். செத்துப்போன செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுச்சுவர் உடைந்து, வேரிலிருந்து இலைவரை தண்ணீர் ஏறும் பாதை. புத்தகத்தில் சைலக்குழாய் என்று இருக்கும். தேக்கின் பெரிய குழாய்கள் குறுக்கே கால் மில்லிமீட்டர் வரும், லென்ஸ் இல்லாமலே தெரியும். நம்ம தலைமுடியைவிட மூணு மடங்கு அகலம்.

குழாய் போட்டுப் பாசனம் செய்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மெல்லிய குழாயில் ஒரே அழுத்தத்தில் போகும் தண்ணீர், குழாயின் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. அதாவது அகலம் இரண்டு மடங்கானால் தண்ணீர் 16 மடங்கு. 200 மைக்ரான் அகலமுள்ள ஒரே ஒரு குழாய், 100 மைக்ரான் குழாய்கள் 16 தூக்கும் தண்ணீரைத் தூக்கிவிடும். தேக்கு அவ்வளவு பெரிய இலையை வைத்துக்கொண்டு மழைக்காலத்தில் சடசடவென்று வளர்வது இதனால்தான்.

இதில் ஆபத்தும் இருக்கு. மரம் தண்ணீரை மோட்டார் மாதிரி கீழிருந்து தள்ளுவதில்லை, இலை மேலிருந்து இழுக்கிறது. நிலம் காய்ந்து, காற்றும் வறண்டு, இழுப்பு எல்லை மீறினால் தண்ணீர்க் கம்பி அறுந்து குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். நம்ம பைப்லைனில் ஏர் அடைக்கிற மாதிரிதான். பொதுவாக அகலக் குழாய்களில் இந்த ஆபத்து அதிகம். ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழையும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் உள்ள நம்ம ஊரில், தேக்கு வெயில் காலத்தில் இலையை மொத்தமாக உதிர்த்துவிட்டு நிற்பது சோம்பலால் இல்லை. இழுப்பையே நிறுத்திவிடுகிறது. வறண்ட நாட்டு மரங்கள் பலவற்றில் குழாய்கள் குறுகலாக, ஆனால் நிறைய இருக்கும். ஒன்று அடைத்தாலும் மற்றது வேலை செய்யும்.

வளையமும் வேக வளர்ச்சியும்

இப்போது தேக்கின் துளைகள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று பாருங்க. மழை விழுந்து துளிர் விடும்போது பெரிய துளைகள் ஒரு வரிசையாக, வளையமாக உண்டாகும். பிறகு பருவம் முடியும்வரை சின்னத் துளைகளும், இடையே அடர்த்தியான நார்களும். அடுத்த வருஷம் மறுபடி பெரிய துளை வளையம். இதற்கு வளையத்துளைக் கட்டை என்று பெயர். வேம்பைச் சீவிப் பார்த்தால் அப்படி இருக்காது, நடுத்தரத் துளைகள் எங்கும் பரவிக் கிடக்கும். அது பரவல்துளைக் கட்டை.

தேக்கின் வளையத்தை எண்ணி வயசு சொல்லலாம், ஆனால் தண்ணீர் கட்டும் தோட்டத்தில் முழுக்க நம்பக்கூடாது. சித்திரையில் தண்ணீர் விட்டு, பிறகு நிறுத்தி, மறுபடி விட்டால் ஒரே வருஷத்தில் மரம் இரண்டு வளையம் காட்டலாம். சில வருஷம் வளையமே மங்கலாகிவிடும். தம்பியின் மரத்தில் நான் 16 எண்ணினேன். நட்டது 14 வருஷம்தான் என்பதற்கு அவரிடம் கணக்கு இருக்கு.

இங்கேதான் வியாபாரியின் முதல் பேச்சுக்கு வருகிறோம். "வேகமா வளர்ந்தா கெட்டி இருக்காது" என்பது ஊரெல்லாம் சொல்கிற பேச்சு, நானும் நம்பினவன்தான். ஆனால் வளையத்துளை மரங்களில் பெரிய துளைகள் உள்ள அந்த முதல் பட்டை, நல்ல வருஷமோ கெட்ட வருஷமோ, அகலத்தில் அதிகம் மாறாது. நல்ல வருஷத்தில் கூடுவது அதற்கு வெளியே உள்ள நார்ப்பகுதி. மரத்துக்கு பலம் தருவது அந்த நார்தான். தண்ணீர் இல்லாமல் திணறி வளர்ந்த தேக்கில் வளையங்கள் நெருங்கி, துளை வரிசைமேல் துளை வரிசையாக இருக்கும், அந்தக் கட்டை இலேசாகவும் இருக்கும். தம்பியின் மரத்தில் ஐந்தாவது ஆறாவது வளையம் விரல் அகலம் இருந்தது, அதில் முக்கால்வாசி அடர்ந்த நார்.

ஆனால் வயசு விஷயத்தில் வியாபாரி சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கு. எந்த மரமும் முதல் சில வருஷங்களில் நடுத்தண்டைச் சுற்றி வைக்கும் கட்டை இளங்கட்டை. நார் குட்டையாக இருக்கும், காயும்போது முறுக்கும். திருச்சூர் பக்கம் பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் தேக்கின் இளங்கட்டையை ஆராய்ந்திருக்கிறது. ஏறக்குறைய 20 வயசு வரை வைக்கும் கட்டையில் இந்தத் தன்மை இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆக, வேக வளர்ச்சி குற்றமில்லை. சீக்கிரம் வெட்டுவதுதான் நஷ்டம்.

வைரம் எப்படி ஏறுகிறது?

வெட்டுமுகத்தின் வெளிப்பக்கம் வெளிறிய வளையம், அதை ஆசாரிகள் வெள்ளை என்பார்கள். உள்ளே பொன் கலந்த பழுப்பு, அதுதான் வைரம். வெள்ளையில் தண்ணீர் ஏறும், உயிருள்ள செல்களும் இருக்கும், மரம் தன் மாவுச்சத்தை அங்கேதான் சேர்த்து வைக்கும். வைரத்தில் உயிரே கிடையாது. நடுவில் ஆள் உட்காரும் அளவுக்குப் பொந்து விழுந்த புளியமரம் வருஷா வருஷம் காய்ப்பதைப் பார்க்கிறோமே, அதற்குக் காரணம் இதுதான். உயிர் எல்லாம் ஓரத்தில் இருக்கு.

வெள்ளை வைரமாக மாறுவதை லென்ஸில் பார்க்க முடியும். வெளிப்பக்கத் துளைகளைப் பாருங்க, காலியாக, கறுப்பாக இருக்கும். உள்பக்கத் துளைகளில் நிறையவற்றுக்குள் சோப்பு நுரை மாதிரி பளபளவென்று ஏதோ அடைத்திருக்கும். அதன் பெயர் டைலோஸ். குழாயின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் உண்டு. வயசான குழாய் வேலையை நிறுத்தும்போது, பக்கத்தில் இருக்கும் உயிர்ச்செல் அந்தக் குழி வழியாகக் குழாய்க்குள் பலூனாகப் பிதுங்கும். டயர் கிழிந்த இடத்தில் உள்ளே இருக்கும் டியூப் பிதுங்குமே, அப்படி. பல பலூன்கள் சேர்ந்து குழாயை அடைத்துவிடும். பிறகு அந்த உயிர்ச்செல்கள் கடைசியாகச் சில பொருள்களைச் செய்து சுற்றிலும் இறக்கிவிட்டுச் சாகும். தேக்கில் அப்படி இறங்கும் டெக்டோகுவினோன் கரையானுக்கு ஆகாது. ரப்பர் மாதிரி ஒரு பொருளும் உண்டு, தேக்குப் பலகையைத் தடவினால் எண்ணெய்ப் பிசுக்காகத் தெரிவதற்கு அதுவும் காரணம்.

மேலைநாட்டில் சாராயப் பீப்பாய்க்கு வெள்ளை ஓக் மரத்தையே எடுப்பார்கள். அதில் டைலோஸ் அடைத்திருப்பதால் ஒழுகாது. சிவப்பு ஓக்கில் அடைப்பு குறைவு, ஒரு துண்டை வாயில் வைத்து ஊதினால் மறுபக்கம் காற்று வரும். தேக்கின் வைரத்துக்கோ கப்பலே சாட்சி. 1817-ல் பம்பாயில் தேக்கால் கட்டி, திருகோணமலையின் பெயரை வைத்து இறக்கிய போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்லிபூலில் தண்ணீரில் நிற்கிறது. நம்ம ஆனைமலைத் தேக்கும் அந்தக் காலத்தில் கப்பலுக்குப் போனதுதான். மலை உச்சியிலிருந்து மரத்தைச் சறுக்கிவிட்ட இடம் என்பதால்தான் டாப்ஸ்லிப் என்ற பெயரே வந்தது. மொட்டையடிக்கப்பட்ட அந்தக் காட்டில் தேக்கை மறுபடி வளர்த்தெடுத்த வன அதிகாரி ஹ்யூகோ வுட் 1933-ல் இறந்தார். அவர் கல்லறை அங்கேயே, தேக்கு மரங்களுக்கு நடுவில் இருக்கு.

இதெல்லாம் வைரத்துக்கு உள்ள பெருமை, வெள்ளைக்கு இல்லை. இதைத் தெரிஞ்சுக்க நான் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம். தோட்டத்து வீடு கட்டும்போது தேக்கு என்று சொல்லி ஒரு கடையில் ஜன்னல் சட்டம் வாங்கினேன். ஏற்கெனவே பிரைமர் அடித்திருந்தது, சுரண்டிப் பார்க்கத் தோணலை. ரெண்டே வருஷத்தில் ஜன்னல் திண்டில் மைதா மாவு மாதிரி தூள் கொட்ட ஆரம்பிச்சுது. கழற்றிச் சீவிப் பார்த்தால் தேக்குதான், பொய் இல்லை. ஆனால் பாதிக்குமேல் வெள்ளை. மாவாக உதிர்ந்தது முழுக்க அந்த வெள்ளை, பக்கத்திலேயே இருந்த வைரத்தில் ஒரு ஓட்டைகூட இல்லை.

அந்தத் தூளைக் கொட்டுவது லிக்டஸ் என்ற சின்ன வண்டின் புழு. தாய் வண்டு முட்டை வைப்பது இந்தக் குழாய்த் துளைகளுக்குள். துளை அதன் முட்டைக்குழலுக்கு இடம் தரும் அகலம் இருக்கணும், புழு தின்ன மாவுச்சத்தும் இருக்கணும். இரண்டும் வெள்ளையில் இருக்கு. வைரத்தில் துளையும் அடைப்பு, மாவுச்சத்தும் இல்லை. குழாயே இல்லாத பைன் மரத்தை இந்த வண்டு தொடாது. நம்ம பெரியவங்க மூங்கிலை வெட்டி ஓடையிலோ குட்டையிலோ வாரக்கணக்கில் ஊறப்போட்டதும் இதே கணக்குத்தான். ஊறும்போது மாவுச்சத்து கரைந்தும் புளித்தும் போய்விடும், பிறகு உளுக்காது. ரசாயன மருந்தில் முக்காமல் மரச்சாமான் வேணும் என்று நினைக்கிற நமக்கு, வைரத்தை மட்டும் எடுப்பதும் ஊறப்போடுவதும்தான் வழி.

பாதி என்றால் எவ்வளவு?

தம்பியின் மரத்தை அடியில் அளந்தோம். பட்டை நீக்கி குறுக்கே 20 செ.மீ. அதில் வைரம் 10 செ.மீ. "பாதிக்குப் பாதி" என்று வியாபாரி சொன்னது பொய் இல்லை, ஆனால் அது ஸ்கேல் வைத்த பாதி. மரத்தை விற்பது நீளத்தில் இல்லையே, பரப்பில் அல்லவா? 10-ஐ 20-ஆல் வகுத்தால் அரை, அரையை அரையால் பெருக்கினால் கால். அந்த மரத்தில் இருப்பது கால்வாசி வைரம், முக்கால்வாசி வெள்ளை.

அடுத்த கணக்குதான் முக்கியம். மரத்துக்கு தண்ணீர் ஏற்ற ஒரு அளவு வெள்ளை போதும். அதனால் மரம் பருக்கும்போது வெள்ளை வளையத்தின் அகலம் பெரிதாகக் கூடுவதில்லை, கூடுவது வைரம்தான். அதே மரம் 40 செ.மீ. ஆகும்போது வெள்ளை இப்போது போலவே ஒரு பக்கத்துக்கு 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். வைரம் 30 செ.மீ. மரத்தின் பரப்பு நான்கு மடங்கு ஆகியிருக்கும், வைரத்தின் பரப்போ ஒன்பது மடங்கு. கால்வாசியாக இருந்தது பாதிக்குமேல், 56 சதவீதம்.

பழைய வங்கிப் புத்தி போகாது, வட்டிக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். அந்த அளவுக்கு வர இன்னும் 20 வருஷம் ஆகும் என்றே வைத்தாலும், ஒன்பது மடங்கு என்பது வருஷத்துக்கு 11.6 சதவீதம் கூட்டுவட்டி. இது வைரத்தின் அளவு மட்டும். பருத்த மரத்துக்கு அடி விலையும் கூடுதலாகக் கிடைக்கும், அது தனி. மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தால் இந்தக் கணக்கெல்லாம் நிற்காது, அது எனக்கும் தெரியும். தம்பிக்கு அப்படி அவசரம் எதுவும் இல்லை.

அளக்கும் முறையையும் கேட்டுக்கோங்க. சுற்றளவை நாலால் வகுத்து, அதைப் பெருக்கி, நீளத்தால் பெருக்குவது கால் சுற்றளவு முறை. உருண்டையான மரத்தில் உண்மையாக இருக்கும் கன அளவில் 78.5 சதவீதம்தான் இந்தக் கணக்கில் வரும். அறுவைச் சேதாரத்துக்காக வந்த பழைய முறை. அதைக் கழித்த பிறகு மறுபடி "சேதாரம்" என்று இன்னொரு முறை கழித்தால் ஒத்துக்காதீங்க.

கதிர்கள், விரிசல், மற்ற மரங்கள்

நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சைக்கிள் ஆரம் மாதிரி போகும் மெல்லிய கோடுகளும் லென்ஸில் தெரியும். அவை ஆரக்கதிர்கள். குறுக்குவாட்டில் சத்தைக் கடத்தவும் சேர்க்கவும் உள்ள செல்கள். கட்டை காயும்போது ஆரத்தின் வழியில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சுற்றுவாட்டில் சுருங்கும். அந்த இழுப்பில்தான் கட்டையின் முனை கதிர் வழியே நடுவைப் பார்த்து வெடிக்கிறது. குழாய்கள் முனையில் திறந்து கிடப்பதால் ஈரமும் அங்கேதான் வேகமாகப் போகும். மரத்தை வெட்டிய அன்றே இரண்டு முனையிலும் சாணியும் செம்மண்ணும் குழைத்துக் கெட்டியாகப் பூசி நிழலில் போடுகிறேன். பூசாமல் போட்டதைவிட வெடிப்பு நல்லாவே குறையுது.

வாகையைச் சீவிப் பாருங்க, பெரிய துளை ஒவ்வொன்றையும் சுற்றி வெளிறிய திசு கண் வடிவத்தில் இறகு விரித்திருக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. வாகையில் வெள்ளை அகலம், அதை நீக்கிவிட்டுத்தான் சாமானுக்கு எடுக்கணும். வேம்பில் சில துளைகளுக்குள் செம்பழுப்புப் பிசின் மின்னும். சந்தனத்தில் துளைகள் ரொம்பப் பொடி, லென்ஸ் இல்லாமல் தெரியாது. அதில் எண்ணெய் வைரத்திலும் வேரிலும்தான், வெள்ளையில் வாசமே இருக்காது. சந்தனம் வைக்கிற நண்பர்கள் மரத்தின் சுற்றளவை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுவது அதனால்தான் ஆபத்து.

இப்படி ஒவ்வொரு மரத்தின் கட்டையையும் லென்ஸில் பார்த்து எழுதிவைத்த வேலை பழசு. கேம்பிள் என்ற வன அதிகாரி இந்திய மரங்களைப் பற்றி 1881-ல் வெளியிட்ட கையேடு இன்றும் பயன்படுது. கோவை வனக் கல்லூரி வளாகத்தில் 1902-ல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்தில் நம்ம காட்டு மரங்களின் கட்டை மாதிரிகளை வரிசையாக வைத்திருக்காங்க. வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனமும் அங்கேதான். ஆர்.எஸ்.புரம் போகிற வேலை இருந்தால் ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க, குழந்தைகளையும் கூட்டிட்டுப் போங்க.

கவாத்தில் ஒரு திருத்தம்

தம்பியின் வெட்டுமுகத்தில் நல்லதில்லாத ஒன்றும் தெரிந்தது. ஒரு ஓரத்தில் வைரத்துக்குச் சம்பந்தமில்லாத கறுப்புக் கறை. மேலே போய்ப் பார்த்தால் அந்தப் பக்கம் பெரிய கிளையை மரத்தோடு மரமாக, மட்டமாக வெட்டியிருந்தார். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாட்டில் அறுத்துப் பார்த்து ஒன்றைச் சொன்னார்: நம்ம தோல்புண் மாதிரி மரத்தின் காயம் ஆறுவதில்லை, மரம் அதைச் சுவர் கட்டி ஒதுக்கிவைக்கிறது. பூஞ்சணம் குழாய் வழியாக மேலும் கீழும் ஓடப் பார்க்கும், மரம் அந்தக் குழாய்களை டைலோஸாலும் பிசினாலும் அடைத்துத் தடுக்கப் பார்க்கும். கிளை தொடங்கும் இடத்தில் கழுத்துப்பட்டை மாதிரி ஒரு வீக்கம் இருக்கே, அந்த இடத்தில்தான் மரத்தின் தடுப்பு பலமா இருக்கு. அதையும் சேர்த்து வெட்டினால் கதவைக் கழற்றிக் கொடுத்த மாதிரி. வீக்கத்தை விட்டு, அதற்கு வெளியே ஒட்டி வெட்டணும். முளைக்குச்சியாக நீட்டியும் விடக்கூடாது. கிளை கட்டைவிரல் தடிமன் ஆவதற்குள் எடுத்துவிட்டால் காயமும் சின்னது, பலகையில் முடிச்சும் சின்னது.

தம்பி முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டார். நெருக்கமா நின்ற 40 மரத்தை மட்டும் கலைத்து, அதை வெள்ளையும் வைரமும் பிரித்துப் பேசி விற்றார். மத்த 140 நிக்குது. எடுத்த முதல் மரத்தின் அடிவட்டு ஒன்று என் திண்ணையில் இருக்கு. வெள்ளைக்கும் வைரத்துக்கும் நடுவே பென்சிலால் கோடு போட்டு தேதி எழுதியிருக்கோம். நாலு வருஷம் கழித்து இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைப்பதாகப் பேச்சு.